ஈரச்சேலை கட்டிய மெசின்

பாத்து ஏறுங்கம்மா. கைப்பிடியைப் பிடிக்காதீங்க, கையில ஒட்டும். விடிஞ்சதும் தொடச்சேன், அதுக்குள்ள பாருங்க, மறுபடி படிஞ்சு கிடக்கு. இது ஊர்ப் புழுதி. கம்பெனிப் புழுதின்னு சொல்லுவானுங்க, நம்பாதீங்க. புழுதியில பேரா எழுதியிருக்கு?

மெசின் நேத்து நீங்க வச்சுட்டுப் போன மாதிரியே ஓடிக்கிட்டிருக்கு. நான் தொடல. 'பெரியவரே, நாளைக்குப் பத்து மணிக்கு நான் வர்ற வரைக்கும் யாரும் கிட்ட வரக்கூடாது, நீங்களும்தான்'னு சொன்னீங்க. சரின்னேன். சொன்ன சொல்லுக்காக விட்டேனே தவிர, மனசு கேக்கல. பச்சைப்புள்ளையைக் களத்துல போட்டுட்டு வந்த மாதிரி இருந்துச்சு. பத்தாக இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கா? அப்ப இந்த ஸ்டூல்ல உக்காருங்க. இருங்க, துண்டால ஒரு தட்டு தட்டிடுறேன்.

உங்களை டாக்டரம்மான்னு சொன்னாங்க. ஊசி போடற டாக்டர் இல்லையாமே? காத்துக்கு டாக்டராம். நல்லதுதான். எங்க ஊருக் காத்துக்கு ஒரு நோவும் இல்ல. நோவு பூரா ஊர்க்காரனுங்களுக்குத்தான். அதுவும் வாயில.

எழுதிக்குங்க. என் பேரு அஞ்சாபுலி. சிரிச்சுக்குங்க, எல்லாரும் சிரிக்கிறதுதான். அரியலூர் பக்கம் தாழங்குறிச்சியில அஞ்சாபுலின்னு ஒருத்தன் இருக்கான், ரெண்டாங் கிளாசு தாண்டாதவன், அவன் வீட்டு மாடியிலதான் ஊருக் காத்துக்கே கணக்கு நடக்குதுன்னு சென்னை வரைக்கும் தெரியும். கம்பெனி வருசா வருசம் ஒரு புஸ்தகம் போடுது, வழவழன்னு, கல்யாணப் பத்திரிகை மாதிரி. அதுல நாப்பத்தாறாம் பக்கத்துல என் போட்டோ இருக்கு. பொன்னாடை போர்த்தி.

எனக்கு மெசினைப் பத்தி எவனும் சொல்லித்தர வேண்டியதில்லம்மா. முப்பத்தோரு வருசம் மாவு மில்லுல மோட்டார் பாத்தவன். மோட்டாருக்கு எமன் தூசிதான். உள்ள போச்சுன்னா காயில் சூடாகி எரிஞ்சிரும். நான் மோட்டாரைச் சுத்தி ஈரச்சாக்கைத் தொங்க விட்டிருப்பேன். வர்ற தூசி சாக்கோட நின்னுடும். என் காலத்துல ஒரு காயில் எரிஞ்சதில்ல. நான்தான் பூனைக்குட்டி மாதிரி வெள்ளையா மாவு அப்பிக்கிட்டு நிப்பேன். எனக்கென்ன ஆயிடுச்சு? கல்லு மாதிரி இருக்கேன்.

இந்த இருமலா? இது பொகையிலை இருமல். விட்டு ஆறு வருசமாச்சு. இருந்தாலும் அதோட வேலைதான்.

கம்பெனி வந்து பன்னெண்டு வருசம். அதோ, அந்தப் பனைமரத்துக்கு அந்தாண்ட வெள்ளையா மேடு தெரியுதே, அங்கதான் சுண்ணாம்புக்கல் வெட்டுறாங்க. அதுக்கும் அந்தாண்ட சிமெண்டு ஆலை. வந்த நாளா ஊருக்கு எவ்வளவோ செஞ்சிருக்காங்க. சமூகப் பொறுப்புன்னு அதுக்குப் பேரு. அதுக்குன்னே ஒரு மேடம் இருக்காங்க, ஷர்மிளா மேடம். ஊர்ல பேரு சொல்ற வழக்கமில்ல, 'பொறுப்பு மேடம்'னுதான். 'பொறுப்பு மேடம் வருது, நாற்காலி எடுத்துப் போடு'ம்பாங்க.

பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களுக்கெல்லாம் பை குடுத்தாங்க. பையில பாதி கம்பெனி பேரு, மீதியில ஒரு மரத்தோட படம். ரோட்டோரத்துல பஸ் நிக்கிற இடத்துல நிழற்குடை கட்டுனாங்க, சேர்மன் போட்டோ வச்சு. கண்ணு அரிக்குது, செவந்து போவுதுன்னு ஊர்ல கூச்சல் போட்டானுங்களா? அடுத்த மாசமே கண் முகாம். முந்நூறு பேருக்குக் கறுப்புக் கண்ணாடி. களை வெட்டுற பொம்பளைங்க எல்லாம் கறுப்புக் கண்ணாடியோட வயல்ல குனிஞ்சு நிமிந்தா, எவனோ பெரிய மந்திரிக்குக் காவலுக்கு வந்த போலீசு மாதிரி இருக்கும். ஒரு வாரம் போட்டாளுங்க. அப்புறம் புள்ளைங்க விளையாடி உடைச்சிருச்சுங்க. அது குடுத்தவங்க குத்தமா?

ஆனா இந்த ஊரு இருக்கே. வாங்குற கை ஒரு பக்கம், திட்டுற வாய் ஒரு பக்கம். வேதமாணிக்கம்னு ஒருத்தன் இருக்கான், பஸ் கண்டக்டரா இருந்து ஓய்வானவன், எனக்குப் பங்காளி முறை. அவன்தான் உங்களுக்கு மனு எழுதிப் போட்டது, எனக்குத் தெரியும். 'மத்த ஊரு மெசின் எல்லாம் எக்கச்சக்கமாக் காட்டுது, அஞ்சாபுலி வீட்டு மெசின் மட்டும் எப்படிக் கம்மியாக் காட்டுது?'ன்னு எழுதினானாமே? பொறாமைம்மா. அவன் வீட்டு மாடியில வைக்கச் சொல்லித்தான் மொதல்ல கேட்டாங்க, இவன் சட்டம் பேசினான், எங்கிட்ட வந்தாங்க. அன்னையிலிருந்து என்னை ரோட்டுல பாத்தா ஒரே கேள்விதான். 'என்னய்யா புலி, மெசினுக்குப் பல்லு வெளக்கி விட்டியா? பாலு குடுத்தியா?'

அவன் கம்பெனியைத் திட்டுறது எங்க உக்காந்துன்னு நெனைக்கிறீங்க? கம்பெனி கட்டின நிழற்குடையிலதான். சேர்மன் போட்டோவுக்குக் கீழே காலை நீட்டி உக்காந்துக்கிட்டுத் திட்டுவான். வெயில் ஏறினா இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளி உக்காந்து திட்டுவான்.

அந்தப் புஸ்தகத்தை அவன்தான் ஒருநாள் படிச்சுக் காட்டுனான். கல்லு வெட்டி முடிஞ்ச குழி ஒண்ணு இருக்கு, நூறு அடி ஆழம், மழைத் தண்ணி நிக்குது. அதைப் புஸ்தகத்துல 'ஊருக்குப் புதிய நீர்நிலை உருவாக்கித் தந்தோம்'னு வரவுல எழுதியிருக்காங்களாம். இயற்கைக் கணக்காம். மரம் இவ்வளவு, தண்ணி இவ்வளவு, காத்து இவ்வளவுன்னு பத்தி பிரிச்சு எழுதுறது. இவன் குதிக்கிறான். 'ஆடு மேஞ்ச நிலத்தைத் தோண்டிக் குழியாக்கிட்டு, குளம் வெட்டினேன்னு எழுதுறானே, இவன் நம்ம வீட்டுச் சுவத்துல கன்னம் வச்சுத் திருடினா, ஜன்னல் வச்சுக் குடுத்தோம்னு எழுதுவானா?'ன்னான். நான் சொன்னேன், 'யோவ், குளம்னாலே குழிதான்யா. உங்க பாட்டன் வெட்டினா குளம், கம்பெனி வெட்டினா குழியா?' புஸ்தகத்தை மூடிட்டு எந்திரிச்சுப் போயிட்டான். அதுல எறங்கித் தண்ணி குடிக்க முடியுமாங்கிறது வேற பேச்சு. எறங்கவே முடியாது, கம்பி வேலி போட்டிருக்கு.

சரி, நேத்து கேட்டீங்களே, மெசினைச் சுத்தி இந்த நாலு சவுக்குக் கம்பு எதுக்குன்னு. அதைச் சொல்றேன். அதைச் சொன்னாத்தான் உங்களுக்கு என் அருமை தெரியும்.

ரெண்டு வருசம் முந்தி இந்த மெசினைக் கொண்டாந்து வச்சாங்க. வாரத்துல ரெண்டு நாள் ஓடும். திருச்சியிலிருந்து சேவியர்னு லேபுக்காரர் வருவாரு, நடுத்தர வயசு, நல்ல மனுசன். இந்த மூடியைத் தெறந்து ஒரு வெள்ளைப் பேப்பரை வைப்பாரு. மெசின் காத்தை இழுத்து அந்தப் பேப்பர் வழியா விடும். மறுநாள் வந்து பேப்பரை எடுத்துக் கவர்ல போட்டுக்கிட்டுப் போவாரு. எடை போட்டுப் பாத்து நம்பர் சொல்லுவாங்க. நூறைத் தாண்டக் கூடாதாம், தாண்டினா காத்து கெட்டுப்போச்சுன்னு அர்த்தமாம். உங்களுக்குத் தெரியாததா.

மொதல் நாள் பேப்பரை எடுத்தாரு பாருங்க. அம்மா, எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல ஆயிடுச்சு. வைக்கிறப்ப வெள்ளைவெளேர்னு இருந்த பேப்பரு, விபூதிப் பையைக் கிழிச்சுப் போட்ட மாதிரி இருக்கு. இருநூத்திப் பதினெட்டுன்னு நம்பர் வந்துச்சு. அடுத்தவங்க நம்பி நம்ம வீட்டுல வச்ச பொருளு. ஒரே நாள்ல அழுக்காக்கித் திருப்பிக் குடுத்தா என்ன நெனைப்பாங்க? இந்த வீட்டுல கூட்டுறது பெருக்குறது இல்லையான்னு நெனைக்க மாட்டாங்க?

நான் விடுவேனா? மில்லுக்காரன்ம்மா நான். மறுவாரமே நாலு கம்பு நட்டேன். எம் பொண்டாட்டியோட பழைய சுங்குடிச் சேலையை நாலா மடிச்சு நனைச்சு, மெசினைச் சுத்திக் கட்டினேன், மேலேயும் மூடாக்குப் போட்டேன். காலையில இந்த மாடி பூராத் தண்ணி தெளிச்சு விட்டேன். அரை மணிக்கு ஒரு தடவை வந்து சேலையை மறுபடி நனைப்பேன். வெயில்ல நானு, நிழல்ல மெசினு. மறுநாள் சேவியர் வந்து பேப்பரை எடுத்தாரு. எப்படி இருந்துச்சுங்கிறீங்க? கோயில்ல குடுக்கிற பச்சரிசிச் சோறு மாதிரி இருந்துச்சு. நம்பரு நாப்பத்தாறு!

அப்போ பிடிச்சு இன்னைக்கு வரைக்கும் அம்பதைத் தாண்டினதில்ல.

என்னாத்துக்கும்மா அவ்வளவு வேகமா எழுதுறீங்க? நான் எங்கயும் ஓடிப் போயிட மாட்டேன்.

சேவியருக்கா? தெரியாமயா இருக்கும்? அவர்தான் சேலையை ஒதுக்கிட்டுப் பேப்பரை எடுப்பாரு. மொதல் தடவை சேலையைப் பாத்துட்டு ரெண்டு நிமிசம் அப்படியே நின்னாரு. எங்க, திட்டுவாரோன்னு பயந்துட்டேன். அப்புறம் என் தோளைத் தட்டி, 'பெரியவரே, உங்களை மாதிரி ஆளு கிடைக்கிறது கஷ்டம், இப்படியே பாத்துக்குங்க'ன்னாரு. அடுத்த மாசம் பொறுப்பு மேடமே வந்தாங்க. கம்பையும் சேலையையும் பாத்துட்டு, கூட வந்தவரைப் பாத்துச் சிரிச்சாங்க. 'ஐயாவுக்கு இந்த வருசம் சமூகக் கூட்டாளி விருது'ன்னாங்க. பொன்னாடை, போட்டோ, கம்பெனி கட்டிக் குடுத்த இந்த மாடிப்படி எல்லாம் அதுக்கப்புறம்தான். போட்டோ எடுக்கிறப்ப மட்டும் சேலையைக் கழட்டச் சொல்லிட்டாங்க. மெசின் தெரியணும்ல?

பொண்டாட்டியா? அவ இங்க இல்ல. விருத்தாசலத்துல தம்பி வீட்டுல இருக்கா. ரெண்டு மாசமாச்சு. அதைப் பத்தித்தான் உங்ககிட்ட ஒரு ஒத்தாசை கேக்கணும்னு இருந்தேன். சொல்றேன்.

பேரு கொளஞ்சி. நல்ல பொம்பளைதான், புத்திதான் மட்டு. அவளுக்கு இழுப்பு. மூச்சு விட்டா நெஞ்சுல பூனை கத்துற மாதிரி சத்தம். உடனே ஊர்க்காரனுங்க கம்பெனித் தூசின்னு ஆரம்பிச்சுட்டானுங்க. அவளும் அதைப் பிடிச்சுக்கிட்டா. நான் சொன்னேன், 'முப்பது வருசம் நான் மாவைக் குடிச்சேன், எனக்கு வராத இழுப்பு வாசல் கூட்டுற உனக்கு எப்படி வரும்? உங்க வம்சத்துலயே இருக்கும்.' இப்ப தம்பி வீட்டுக்குப் போன பத்தாம் நாளே இழுப்பு நின்னுபோச்சாம். படிக்கட்டு ஏறி இறங்குறாளாம். பாத்தீங்களா? இங்க இருந்த வரைக்கும் நடிச்சிருக்கா!

அவ ஒரு கணக்கு வச்சிருந்தாம்மா. சொன்னா சிரிப்பீங்க. தெனம் காலையில வாசல், கூடம், அடுப்படி, இந்த மூணு இடத்தையும் கூட்டி, முறத்துல சேர்ற தூசியைச் சலிச்சு, முடி குப்பையெல்லாம் எடுத்துட்டு, மாவாட்டம் இருக்கிறதை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில்ல போடுவா. மாசத்துக்கு ஒரு பாட்டில். மூடியில அந்த மாசத்துக் காலண்டர் தாளைக் கிழிச்சு ஒட்டிடுவா. பதினாலு பாட்டிலு சேந்துபோச்சு. பரணையில ஊறுகாய்க் கடை மாதிரி அடுக்கி வச்சிருந்தா. 'என்னாடி இது?'ன்னா, 'உனக்கு மாடியில கணக்கு, எனக்குத் தரையில கணக்கு'ம்பா. எழுத்துக் கூட்டிப் பேரு எழுதத் தெரியாதவ, அவ கணக்கு வைக்கிறாளாம்.

ஒருநாள் குழாயடியில அந்தச் சேலையை அலசிக்கிட்டிருக்கேன். பக்கத்துல வந்து நின்னா. 'இந்தாய்யா, தண்ணியப் பாத்தியா?'ன்னா. வாளித் தண்ணி சிமெண்டு கரைச்ச மாதிரி இருந்துச்சு. 'உன் சேலைச் சாயம் போவுது, மட்டமான சேலை'ன்னேன். 'கல்யாணமாகி மூணாம் வருசம் நீ எடுத்துக் குடுத்த சேலைய்யா. போற சாயமெல்லாம் என்னைக்கோ போயாச்சு'ன்னுட்டு உள்ள போயிட்டா. அவ்வளவுதான். நான் பிழிஞ்சு கொண்டாந்து கட்டிட்டேன்.

அப்புறம்தான் அந்தக் கூட்டம் வந்துச்சு. ஏரிக்கு மேல்பக்கம் இன்னும் நூத்தியெட்டு ஏக்கர்ல கல்லு வெட்டப் போறாங்கன்னு, ஊரு ஜனங்ககிட்டக் கருத்துக் கேக்குற கூட்டம். பந்தல் போட்டு, மைக் வச்சு, எலுமிச்சம் சாதம் பொட்டலம் குடுத்து. வேதமாணிக்கம் ஒரு மணி நேரம் கத்துனான். பொறுப்பு மேடம் பெரிய திரையில படம் போட்டுக் காட்டுனாங்க. மரம், குளம், கண்ணாடி போட்ட பொம்பளைங்க எல்லாம் வந்துச்சு. கடைசியில பாத்தா, கொளஞ்சி எந்திரிக்கிறா! கூடையில பதினாலு பாட்டிலையும் தூக்கிக்கிட்டு மேடைக்குப் போறா. ஒவ்வொண்ணா மேசை மேல வரிசையா வைக்கிறா. 'இது என் வீட்டுக்குள்ள வந்த தூசி. மூணு இடத்துல கூட்டுனது. தை மாசம் இவ்வளவு, சித்திரையில இவ்வளவு. இதைத்தான் நாங்க மூச்சு விடுறோம்'னா. அவ்வளவுதான் பேசினா.

மேடம் நல்லாத் தன்மையாத்தான் சொன்னாங்க. 'அம்மா, உங்க கஷ்டம் புரியுது. ஆனா இதெல்லாம் அறிவியல் முறைப்படி அளந்தது இல்ல. முறைப்படி அளக்கிற மெசின் உங்க வீட்டு மாடியிலயே இருக்கு. அது நாப்பத்தாறுன்னு சொல்லுது. அதைப் பராமரிக்கிறவரு உங்க வீட்டுக்காரரு. அவரையே கேப்போமே'ன்னு மைக்கை என் பக்கம் நீட்டுனாங்க.

என்னை என்ன செய்யச் சொல்றீங்க? அத்தனை பேரு முன்னாடி. நாப்பத்தாறாம் பக்கத்துல போட்டோ வந்தவன். வேதமாணிக்கம் வேற என்னையவே பாத்துக்கிட்டு நிக்கிறான். நான் சொன்னேன், 'மெசின் சொல்றதுதான் நெசம். அதை நான் கண்ணைப் போல பாத்துக்கறேன். எம் பொண்டாட்டி குப்பை கூட்டுறதைப் பாட்டில்ல போட்டு வைப்பா, அது அவ வழக்கம்.' எல்லாரும் சிரிச்சாங்க. பந்தலே சிரிச்சுது.

அவ சிரிக்கல. மைக் அவ பக்கத்துலதான் இருந்துச்சு. வாயைத் தெறந்தா. என்னைப் பாத்தா. அப்புறம் வாயை மூடிக்கிட்டா. பாட்டிலை ஒவ்வொண்ணாக் கூடையில எடுத்து வச்சுக்கிட்டு எறங்கிட்டா. பதில் சொல்ல என்ன இருக்கு அவகிட்ட?

வீட்டுக்கு வந்து பையில துணியை வச்சா. 'எங்க?'ன்னேன். 'என்னைப் பொய்யின்னு சொன்ன வாயால, நாலு பேரு கேக்க நெசத்தைச் சொல்லு. அன்னைக்கு வர்றேன்'னுட்டுப் போனவதான். நான் எங்கம்மா அவளைப் பொய்யின்னேன்? மெசின் நெசம்னுதானே சொன்னேன்?

அதான் உங்ககிட்ட ஒத்தாசை. நீங்க படிச்சவங்க. இன்னைக்கு நம்பரைப் பாத்துட்டு, அவளுக்கு ஒரு போன் போட்டு, 'உங்க வீட்டுக்காரர் சொன்னது சரிதாம்மா, மெசினுல தப்பில்ல'ன்னு சொல்லுங்க. நீங்க சொன்னாக் கேப்பா. ரெண்டு மாசமாக் கடைச் சோறு திங்கிறேன். சமைச்சாலும் ஒருத்தனுக்குன்னு அளவு வர மாட்டேங்குது.

பத்தாச்சா? சரி, நிறுத்துங்க. அப்பா, சத்தம் நின்னதும் காது அடைச்ச மாதிரி இருக்கு. மெதுவா எடுங்க. நாலு மூலையையும் பிடிச்சு, அப்படித்தான்...

ஐயையோ.

என்னம்மா இது? அடுப்புல வச்ச சட்டியைத் தொடச்ச துணி மாதிரி இருக்கு. நேத்து என் கண்ணு முன்னாடிதானே வெள்ளையா வச்சீங்க? பாத்தீங்களா? ஒரே ஒரு நாள் கவனிக்காம விட்டதுக்கு! இதுக்குத்தான் நேத்தே சொன்னேன், நான் கூடவே இருந்து பாத்துக்கறேன்னு. இதை எழுதாதீங்கம்மா. இது கணக்குல சேராது. நான் விட்டதால வந்த அழுக்கு இது. வேற பேப்பர் போடுங்க. நான் நனைச்சுக் கட்டறேன், நாளைக்கு வந்து பாருங்க, எப்படி வெள்ளையா...

என்ன சொல்றீங்க?

மெதுவாச் சொல்லுங்க. எனக்குப் புரியற மாதிரிச் சொல்லுங்க.

ம்.

ம்.

அப்ப, இது அழுக்காகறதுக்குன்னே வச்ச மெசினா?

அழுக்காக விட்டாத்தான் அது வேலை பாக்குதுன்னு அர்த்தமா? ஏம்மா, வெளையாடாதீங்க. அழுக்காகறதுக்குன்னு எவனாவது ஒரு மெசின் செய்வானா? மில்லுல முப்பத்தோரு வருசம்...

இருங்க. ஒரு வாய் தண்ணி குடிச்சுக்கறேன்.

அப்ப அந்த நாப்பத்தாறு எங்க ஊருக் காத்தோட நம்பரு இல்ல. எம் பொண்டாட்டி சேலையோட நம்பரு. நாலா மடிச்ச ஈரச்சேலைக்கு உள்ள இருந்தா எவ்வளவு தூசி வரும்னு கணக்கு. அப்படித்தானே சொல்றீங்க? மத்த தூசியெல்லாம் வாளித் தண்ணியில போயிடுச்சு.

சேவியருக்கு இது தெரியுமா?

தெரியாம இருக்குமா. அவர் தொழிலே அதுதானே. ரெண்டு நிமிசம் நின்னாரேம்மா. நின்னுட்டுத்தானே தோளைத் தட்டுனாரு. போட்டோ எடுக்கிறப்ப சேலையைக் கழட்டச் சொன்னாங்களே, மெசின் தெரியறதுக்குன்னு நெனச்சேன். அந்த மேடம் சிரிச்சுது. என் அருமை தெரிஞ்சு சிரிக்குதுன்னு நெனச்சேன். படிச்ச நாய்ங்க. மன்னிச்சுக்குங்க, உங்களைச் சொல்லல. அவனுங்க யாரும் என்னை மூடச் சொல்லலையேம்மா. ஒரு வார்த்தை சொல்லல. அதனாலதான், நாளைக்குக் கேட்டா, 'எங்களுக்குத் தெரியாது, படிக்காத கெழவன் பண்ணினான்'னு கையை விரிச்சிருவானுங்க. பொன்னாடையைப் போர்த்திப் பழியை என் தலையில வச்சுட்டுப் போயிட்டானுங்க. நான் ஊர்ல பாக்கிறவனையெல்லாம் மடையன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்.

அந்தப் பாட்டிலுங்களா? ஏன் கேக்குறீங்க?

இருக்கு. பரணையிலதான் இருக்கு. பதினாலும் இருக்கு.

இல்லம்மா. உள்ள தூசி இல்ல. அவ திரும்பி வந்தா சந்தோசப்படட்டும்னு, போன வாரம் எல்லாத்தையும் குப்பைக்குழியில கொட்டி, சாம்பல் போட்டுத் தேய்ச்சு, வெயில்ல கவுத்து, இப்ப துவரம்பருப்பு, உளுந்து, மல்லின்னு போட்டு வச்சிருக்கேன். காலண்டர் தாளெல்லாம் சுரண்டி எடுத்துட்டேன். கண்ணாடி மாதிரி இருக்கு.

தலையில கை வைக்காதீங்கம்மா. எனக்கென்ன தெரியும்? அழுக்கைக் கண்டா எனக்குக் கை சும்மா இருக்காது.

அப்ப மிச்சம் இந்த ஒரு நாள் பேப்பர்தானா? பத்தாதா? ஒரு நாள் காத்து மாறி அடிச்சுதுன்னு சொல்லிடுவாங்களா? சொல்லுவானுங்க. சொல்லுவானுங்க. அதுக்குள்ள அந்த நூத்தியெட்டு ஏக்கருக்கும் கையெழுத்து ஆயிடுமா?

நான் எழுதிக் குடுத்தாவா? ரெண்டு வருசமா நான்தான் சேலை கட்டி மூடினேன்னு நான் எழுதிக் குடுத்தா, அந்த நம்பர் பூரா செல்லாதா? பழையபடி கூட்டம் போடணுமா? கூட்டத்துல அதைப் படிப்பாங்களா? மைக்குலயா?

வேதமாணிக்கம் இருப்பானேம்மா. காலை நீட்டிக்கிட்டு உக்காந்து கேப்பானே. நான் செத்தாலும் நிறுத்த மாட்டான், என் பொணத்துக்கிட்ட வந்து, 'புலி, மெசினுக்குச் சேலை மாத்தலையா?'ம்பான்.

அவளுக்குத் தெரியும்மா. இப்பத்தான் புரியுது. குழாயடியிலயே அவளுக்குத் தெரிஞ்சு போச்சு. அன்னைக்கு மைக் முன்னாடி வாயைத் தெறந்தாளே. 'மெசினை இந்த ஆளு என் சேலையால மூடி வச்சிருக்காரு, போய்ப் பாருங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே எல்லாம் முடிஞ்சிருக்கும். ஊரு மொத்தமும் என்னைப் பாத்துச் சிரிச்சிருக்கும். அவளைப் பாத்துச் சிரிக்கட்டும்னு பாட்டிலை எடுத்துக்கிட்டு எறங்கிட்டா. அவகிட்டப் பதில் இல்லைன்னு நான் ரெண்டு மாசமா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டிருக்கேன்.

நீங்க போடுங்கம்மா போனை. நீங்களே... நான்தான் பேசணுமா? இந்தாங்க, இதுல மேல இருக்கிற நம்பர்தான் அவளோடது. எனக்குக் கண்ணு சரியாத் தெரியல, நீங்களே அமுத்துங்க.

ஆங்... நான்தான். கேக்குதா? நல்லாத்தான் இருக்கேன். இல்ல, இருமல் இல்ல. இது தண்ணி பொரையேறிருச்சு. இந்தா, அந்தச் சென்னையிலிருந்து வந்த டாக்டரம்மா பக்கத்துல இருக்காங்க. ஆமா, மெசினைப் பாக்கத்தான். நேத்து வச்சு இப்ப எடுத்தாங்க.

சேலையா? கட்டல. அவங்க கிட்டயே போகக் கூடாதுன்னுட்டாங்க.

பேப்பரா? பேப்பர் வெள்ளையாத்தான்...

ஏய், இரு, இரு, வச்சிராத. கொளஞ்சி, வச்சிராத. கறுப்பு. கறுப்பா இருக்கு. உன் அடுப்படிச் சுவரு மாதிரி.

கேக்குதா?

ஏய்.

அம்மா, லைன் இருக்கு, பேச்சைக் காணோம். மூச்சு விடுற சத்தம் கேக்குது. பூனைச் சத்தம் இல்லம்மா, சும்மா மூச்சு. இருங்க, இருங்க. அவ எங்கிட்டப் பேசல. அவ தம்பியைக் கூப்பிடுறா. 'டேய், அரியலூருக்கு அடுத்த வண்டி எத்தனை மணிக்குடா?'ன்னு கேக்குறா.

வச்சுட்டா.

எங்க, அந்தத் தாளை எடுங்க. பேனாவையும் எடுங்க. நான் சொல்லச் சொல்ல நீங்க எழுதுங்க, கடைசியில கையெழுத்துப் போட எனக்குத் தெரியும். சேவியர் தோளைத் தட்டுனது, மேடம் சிரிச்சது, பாட்டிலைக் கழுவுனது எல்லாத்தையும் எழுதுங்க, ஒண்ணையும் விடாதீங்க. விருத்தாசலத்துல இருந்து அவ இங்க வந்து சேர மூணு மணி நேரம் ஆகும். அதுக்குள்ள முடிச்சிருங்கம்மா. மைக்குல வேணும்னாலும் சொல்லிடுவேன். அவ மூஞ்சியப் பாத்துச் சொல்ல எனக்கு நாக்கு எழும்பாது.